மார்புல வந்த கேன்சர் தலைக்கு போகும்னு யாரும் சொல்லித் தரல

எங்க மயினிக்கு மார்புக் கேன்சர் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு நல்லாத்தான் இருந்தாங்க, பிறகு காலையில எந்திச்சா தலைவலி, கூடவே வாந்தி. ஒரு கிளினிக்ல கேஸ் டிரபிள், மைக்ரேன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, முன்ன என்ன நோவு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. வலது கை தளர்ந்து டம்ளர் பிடிக்க முடியாம ஆனதுக்கு அப்புறம்தான் எம்ஆர்ஐ ஸ்கேன், அதுல மூளையில கட்டின்னு தெரிஞ்சுது. எனக்கு இன்னும் ஆறல.

சொந்தக்காரங்க எல்லாரும் இது புதுசா வந்த மூளைக் கேன்சர்ங்கிறாங்க. இல்லங்க, இது அதே மார்புக் கேன்சர்தான். அங்க இருந்து கழண்ட செல்லு ரத்தத்துல ஏறி மூளையோட நுணுக்கமான ரத்தக்குழாய்ல போய் சிக்கும். முக்காவாசி அங்கயே செத்துப்போகும், ஏன்னா மூளைக்குள்ள கண்டதும் நுழையாம இருக்க அந்த குழாய்ச் சுவர் செல்லெல்லாம் இடைவெளியே இல்லாம ஒட்டி இருக்கும், அதையும் தாண்டி உள்ள போற கொஞ்சம் செல்லுதான் சில சமயம் வருஷக்கணக்கா சும்மா கிடந்துட்டு பிறகு வளரும். விதை எங்கயும் விழும், ஏத்த மண்ணுலதான் முளைக்கும்னு லண்டன் சர்ஜன் ஸ்டீபன் பேஜெட் 1889லயே எழுதியிருக்கார், மார்புக் கேன்சர்ல இறந்த 735 பேரோட விவரத்தைப் பாத்து. நரம்பு செல்லுங்க தங்களுக்குள்ள சேதி சொல்ல விடுற குளூட்டமேட்டையே இந்த செல்லுங்க வாங்கி வளருதுன்னு 2019ல கண்டுபிடிச்சாங்க. படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துட்டு.

எல்லாருக்கும் இப்படி ஆகாது, பயப்படாதீங்க. கேன்சர் செல்லுல ஹெர்2ங்கிற புரதம் அதிகமா இருக்கிற ஹெர்2 பாசிட்டிவ், ஈஆர், பிஆர்ங்கிற ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2வும் இல்லாத ட்ரிப்பிள் நெகட்டிவ், இந்த ரெண்டு வகைக்குத்தான் கூடுதல். ஹெர்2வுக்கு போடுற ட்ராஸ்டுசுமாப் பெரிய மூலக்கூறு, கழுத்துக்கு கீழ நல்லா அடக்கும், முன்ன சொன்ன குழாய்ச் சுவர் தடுப்பை தாண்டி மூளைக்குள்ள போறது ரொம்பக் கம்மி. அதான் உடம்பு ஸ்கேன் கிளீனா இருக்கும்போதே தலையில வருது. இப்ப கட்டியை மட்டும் குறிவச்சு ரேடியேஷன் இருக்கு, 2020ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச டுகாட்டினிப் மாத்திரை, கூட ரெண்டு மருந்து சேத்து குடுத்தா ஹெர்2 பாசிட்டிவ் வகையில மூளைக்கு பரவினவங்களுக்கும் ஆயுசை கூட்டுது. கதை முடிஞ்சுன்னு சொல்றவங்க பேச்சை கேக்காதீங்க.

என் கோவம் எல்லாம் டிஸ்சார்ஜ் பண்றப்ப நடக்கறது மேலதான். கேரள எல்லையோரம் இருக்கிற களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டத்துல இருந்து சிகிச்சைக்கு திருவனந்தபுரம் போற நம்ம பொம்பளைங்க கையில இங்கிலீஷ்ல ஒரு பேப்பர், வாயில மலையாளத்துல ரெண்டு வார்த்தை, ரப்பர் பால் வெட்டப் போற அக்காவுக்கு அதுல என்ன விளங்கும்? விடாத தலைவலி, காலை வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் தளர்ச்சி, பார்வை மங்கல், குணம் திடீர்னு மாறுறது, இதுல எது வந்தாலும் உடனே வரணும்னு தமிழ்ல ஒரு துண்டுச் சீட்டு குடுக்க எவ்வளவு செலவாகும்? ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்கு சும்மா மூளை ஸ்கேன் எடுக்கணும்னு நான் சொல்லல, டாக்டருங்களும் பொதுவா சொல்றதில்ல. அறிகுறியை சொல்லிக் குடுங்கன்னுதான் கேக்கேன்.

வீட்டுல யாருக்காவது இந்த நோவு வந்திருந்தா பயாப்சி ரிப்போர்ட்ல ஈஆர், பிஆர், ஹெர்2 என்னன்னு கேட்டு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கிடுங்க, சாதா காய்ச்சலுக்கு போனாலும் முதல்ல அதை காட்டுங்க, டாக்டர் கேக்கற வரை காத்திருக்காதீங்க.