தண்ணி குடிக்குமா?

(மட்டக்களப்பு, கல்லடி. வாவியைப் பார்த்த வீடு. முன் அறை இரண்டையும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடப்போகிறார் பூமணி. மதிலில் சாய்த்த தகரப் பலகைக்கு முன்னால் தூரிகையோடு யோகன். பூமணியின் கையில், பலகைக்காக மகன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கொப்பித்தாள்.)

பூமணி: தம்பி, எழுத்துக்கு எவ்வளவு எண்டாய்?

யோகன்: 60 ரூபா அக்கா. நிழல் விழுத்தி எழுதினா 75.

பூமணி: நிழல் வேணாம், வேம்பு இரிக்கு. இந்தத் தாளில ஆறு இடத்தில ஐ-என்-ஜி எண்டு ஒரு வால் தொங்குது. எல்லாத்தையும் வெட்டு. பதினெட்டு எழுத்து. 1,080 ரூபா மிச்சம்.

யோகன்: வெட்டினா 'டிரிங்கிங் வாட்டர்' போய் 'டிரிங்க் வாட்டர்' எண்டு நிக்கும். வாசல்லயே மறிச்சுத் 'தண்ணியக் குடி' எண்டு வெருட்டின மாதிரி.

பூமணி: குடிக்கட்டுமே, வெயில்தானே. சரி, வால் கிடக்கட்டும். 'டிரிங்கிங் வாட்டர்', 'ரன்னிங் வாட்டர்' ரெண்டுக்கும் பக்கத்தில பொடியன் 'பி' எண்டு குறிச்சிரிக்கான். அதையும் எழுதோணுமா?

யோகன்: அது பார்ட்டிசிபிளுக்குக் குறிச்ச 'பி' அக்கா. ஒண்டு சரி, ஒண்டு பிழை. குடிக்கிற தண்ணியில வால் ஜெரண்ட், எண்டா வேலைக்கே பேர். ஓடுற தண்ணியில பார்ட்டிசிபிள், எண்டா எச்சம்.

பூமணி: ரெண்டும் தண்ணி, ரெண்டுக்கும் ஒரே வால். எங்கயிரிந்து வந்தது வித்தியாசம்?

யோகன்: ஒரு கேள்வி கேக்கன். ரன்னிங் வாட்டர். தண்ணி ஓடுதா?

பூமணி: ஓடுது. காலமை எட்டு மணிக்குப் பிறகு ஓடாது.

யோகன்: எட்டுக்கு முந்தி ஓடினாக் காணும். டிரிங்கிங் வாட்டர். தண்ணி குடிக்குதா?

பூமணி: தண்ணி எப்பிடி மனே குடிக்கும்? நாமதான் குடிக்கிற.

யோகன்: அவ்வளவுதான் கதை. பின்னால நிக்கிற பெயர்ச்சொல் அந்த வேலையத் தானே செய்தா வால் பார்ட்டிசிபிள். செய்யாட்டி, அந்த வேலைக்காக வைச்ச சாமான் எண்டா, ஜெரண்ட். குடிக்கிறதுக்கான தண்ணி.

பூமணி: பொடியன் ஏன் பிழை விட்டான்? ஆயிரக்கணக்கில டியூசனுக்குக் கட்டுறன்.

யோகன்: தமிழ்தான் மாட்டிவிட்டது. நாம 'குடிக்கிற தண்ணி' எண்டும் சொல்லுவம், 'ஓடுற தண்ணி' எண்டும் சொல்லுவம். ரெண்டும் பெயரெச்சம். தமிழ்ப் பெயரெச்சம் வேலையச் செய்யிறது ஆர் எண்டு காட்டாது. 'படுக்கிற அறை' எண்டா அறை படுக்கிறதா என்ன? பொடியன் தமிழில சொல்லிப் பாத்து ரெண்டுக்கும் 'பி' போட்டிட்டான்.

பூமணி: அப்ப நான் சொல்றன், நீ பார். 'டைனிங் ரூம்'. அறை சாப்பிடாது. ஜெரண்ட்.

யோகன்: சரி. ஆனா தாளில ரெண்டு 'என்' போட்டிரிக்கு. அப்பிடி எழுதினா இரைச்சல் போடுற அறை. 'டின்' எண்டா இரைச்சல். 'டைன்' எண்டதில கடைசி 'இ' கழண்டு வால் ஒட்டும், ஒரு 'என்' காணும்.

பூமணி: (மலர்ந்து) 60 ரூபா மிச்சம்! இலக்கணம் நல்லதுதான்.

யோகன்: 'ரன்னிங்'ல ஒரு 'என்' குறையுது. 'ரன்' குறில், முடிவில ஒத்தை மெய். அது இரட்டிக்கும்.

பூமணி: அங்க எடுத்ததை இஞ்ச வை. புதுசு வாங்காத. அடுத்தது 'பிஷிங் போட்'. தோணி மீன் பிடிக்குமா? என்ட அண்ணன்ட தோணி கட்டாயம் பிடிக்காது. ஜெரண்ட். 'சிங்கிங் பிஷ்', மீன் பாடும். பார்ட்டிசிபிள்.

யோகன்: பாடுமீன் ஊரில பிறந்தவங்களுக்கு அது பிழைக்காது.

பூமணி: பொறு. வோசிங் மெசின்? அது தானே கழுவுது. கழுவுறதுக்காகவும் வைச்சிரிக்கு. ரெண்டுக்கும் ஓம்.

யோகன்: (தூரிகையை டின்னில் வைத்து) நல்லாப் பிடிச்சீங்க. அப்ப காதால பாக்கோணும். 'வோசிங்' எண்டதில அழுத்தி 'மெசின்' எண்டதை மெதுவாச் சொல்லுவாங்க. முன்சொல்லில அழுத்தம் விழுந்தா அனேகமா ஜெரண்ட். 'சிங்கிங் பிஷ்' எண்டா 'பிஷ்'லயும் அழுத்தம் விழும்.

பூமணி: போர்ட்டில அழுத்தம் எழுதக் காசு கேளாத. இந்தப் பெரிய வரியப் பார். 'வாக்கிங் ஒன் த பிரிஜ், த சிங்கிங் பிஷ் கேன் பி ஹேர்ட்.'

யோகன்: இப்பிடி எழுதினா மீன் கல்லடிப் பாலத்தில நடந்து போகுது அக்கா.

பூமணி: என்ன கதைக்காய்?

யோகன்: முன்னால வாற 'வாக்கிங்' ஆருக்கும் சொந்தமில்லாம நிக்கும். கொமாவுக்குப் பிறகு வாற எழுவாயில போய்ப் பிடிச்சிக்கொள்ளும். அங்க நிக்கிறது மீன். கொமாவுக்குப் பிறகு 'யூ' போடுங்க: 'யூ கேன் ஹியர் த சிங்கிங் பிஷ்'. இப்ப ஆள் நடப்பான், மீன் பாடும்.

பூமணி: பாலத்தில நிண்டா என்னத்தக் கேக்கும்? தோணியில போய்த் துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காதை வைக்கோணும்.

யோகன்: அதை எழுதினா இன்னும் அறுபது எழுத்து.

பூமணி: வேணாம், பாலத்திலயே நிக்கட்டும். வசனத்துக்குள்ள வந்தா ஜெரண்டை எப்பிடிப் பிடிக்கிற?

யோகன்: அங்க தமிழ் உதவி செய்யும். 'மீன் பிடிக்கிறது' எண்டு தொழிற்பெயராத் தமிழில வந்தா ஜெரண்ட். 'பிடிச்சிக்கொண்டு' எண்டு வந்தா பார்ட்டிசிபிள். 'போர்', 'பை', 'வித்தவுட்' மாதிரிச் சொல்லுக்குப் பின்னால வந்தா அனேகமா ஜெரண்ட்.

பூமணி: 'இஸ்' எண்டதுக்குப் பிறகு வந்தா பார்ட்டிசிபிள் எண்டு பொடியன் பாடமாக்கினவன்.

யோகன்: கவுக்கிறதே அந்த இடம்தான். 'ஹிஸ் அங்கிள் இஸ் பிஷிங்', 'ஹிஸ் ஹொபி இஸ் பிஷிங்'. ரெண்டிலயும் 'இஸ்'. திருப்பிப் போட்டுப் பாருங்க. 'பிஷிங் இஸ் ஹிஸ் ஹொபி', நிக்குது. ஜெரண்ட். 'பிஷிங் இஸ் ஹிஸ் அங்கிள்'...

பூமணி: மீன்பிடிதான் மாமனா? அண்ணன் கேட்டாச் சந்தோசப்படுவார். மறுகா கடைசி வரி. அது நானே எழுதினது. பொடியன் 'பிளீஸ் ஸ்டொப் ஸ்மோக்கிங்' எண்டு போட்டான். நான் வாலை வெட்டி 'ஸ்டொப் டு ஸ்மோக்' ஆக்கினன்.

யோகன்: 'ஸ்மோக்கிங்' ஏழெழுத்து. 'டு ஸ்மோக்' ரெண்டும் அஞ்சும் ஏழு. ஒரு சதமும் மிஞ்சயில்ல. 'புகைக்கிறதுக்காகத் தயவுசெய்து நில்லுங்க' எண்டு கருத்து மட்டும் மாறிப் போச்சு. ரோட்டில போற எல்லாரும் உங்கட வாசல்ல இறங்கிப் பத்தவைப்பான்.

பூமணி: ஐயோ! 'நோ ஸ்மோக்கிங்' எண்டு போடு. 'நோ' வந்தா?

யோகன்: இஞ்ச 'நோ' பெயர்ச்சொல்லுக்கு முன்னால நிக்குது. ஜெரண்ட்.

பூமணி: இந்த வெள்ளைக்காரன் ரெண்டு வேலைக்கு ரெண்டு வால் வைச்சிரிக்கலாமே.

யோகன்: பழைய இங்கிலீசில இரிந்தது. பெயருக்கு 'உங்', 'இங்'. எச்சத்துக்கு 'எண்டெ'. காலப்போக்கில ரெண்டும் உரசி உரசி ஒண்டாயிற்று. 2002 இல கேம்பிரிட்ஜ் போட்ட பெரிய இலக்கணம் பேரையும் ஒண்டாக்கி 'ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்' எண்டு எழுதிட்டுது.

பூமணி: அப்ப இவ்வளவு நேரம் என்னத்துக்கு என்ட காதைத் தின்டாய்?

யோகன்: பேரை ஒண்டாக்கினா மட்டும் தண்ணி குடிச்சிடுமா அக்கா? கருத்துப் பிரியிற இடம் பிரியத்தான் செய்யும். உங்களுக்கு வேணுமெண்டா 'விசிட்டிங் ரிலேட்டிவ்ஸ்' எண்டு பாருங்க. அடுத்து 'இஸ்' வந்தா சொந்தக்காரரப் போய்ப் பாக்கிறது தொல்லை. 'ஆர்' வந்தா வாற சொந்தக்காரர் தொல்லை.

பூமணி: 'ஆர்' தான். கல்முனையில இரிந்து எட்டுப் பேர் நிக்காங்க, ரெண்டு அறையும் அவங்களிட்டத்தான். தம்பி, மேல பெரிசா ஒரு வரி போடு, 'பேயிங் கெஸ்ட்ஸ் ஒன்லி'. கெஸ்ட் காசு தரும்தானே? பார்ட்டிசிபிள்.

யோகன்: அச்சாப் பார்ட்டிசிபிள். பதினாறு எழுத்து, 960 ரூபா. அட்வான்ஸ் ஏதும்...

பூமணி: 'ஐ ஆம் பேயிங்.'

யோகன்: 'காசு தந்துகொண்டிரிக்கன்' எண்டு கருத்து. கை அசையல்லியே அக்கா.

பூமணி: பொறு. 'ஐ ஆம் பேயிங் டுமாரோ.' இதில பிழை இரிக்கா?

யோகன்: (தூரிகையைத் தின்னரில் கழுவியபடி) இலக்கணத்தில இல்லக்கா.