அரிசிப் பானையில் தாய்ப்பத்திரம்

டீக்கார அக்கா: நாலு வருசமா இழுத்த சொத்துத் தகராறுண்ணே. நேத்து ராத்திரி 9:28-க்கு முடிஞ்சுபோச்சு.

பத்திர எழுத்தர்: ராத்திரியிலயா? எந்தக் கோர்ட்டும்மா அது?

அக்கா: கோர்ட்டெல்லாம் இல்ல. பெரியவன் நடுவீட்டுல கால்ல விழுந்தான், முடிஞ்சுது.

எழுத்தர்: கால்ல விழுந்தா பட்டா மாறாதும்மா. தன் பங்கை விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தானா?

அக்கா: எழுதல. அழுதான்.

எழுத்தர்: சாட்சி?

அக்கா: பதினெட்டுப் பேரு நின்னாங்க. அவங்களும் அழுதாங்க.

எழுத்தர்: அழுதவங்கள்ல ரெண்டு பேரு ஆதாரோட வந்தாப் போதும். சொத்தோட பழைய மூலப் பத்திரம், அந்தத் தாய்ப்பத்திரம் எங்க?

அக்கா: சின்ன மருமக அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சா. ரெண்டு வருசமாச்சு, யாரும் எடுக்கல.

எழுத்தர்: ரெண்டு வருசமா அந்த வீட்டுல சோறே பொங்கலையா?

அக்கா: சமையக்கட்டுல சதி பண்ணவே நேரம் பத்தலண்ணே.

எழுத்தர்: சரி, பெரியவன் நேர்ல வரணும். போட்டோவும் மூஞ்சியும் ஒண்ணா இருக்கணும்.

அக்கா: அங்கதான் சிக்கல். போன தீபாவளியிலேருந்து வேற மூஞ்சி. 'இனி இவருக்குப் பதில் இவர்'னு கீழ எழுத்துப் போட்டாங்க.

எழுத்தர்: ஆள்மாறாட்டத்துக்குக் கீழ எழுத்து வேறயா... யம்மா, இது சீரியலா?

அக்கா: பின்ன எனக்கு ஏதுண்ணே சொத்து? டீயைக் குடிங்க, ஆறுது.

எழுத்தர்: ஒரு தாள் வீணாப்போச்சு. ஆளு மாறினதுக்கா உனக்கு இவ்வளவு கோவம்?

அக்கா: அதுக்கில்ல. எதிர்நீச்சல் சீரியல்ல நடிச்ச மாரிமுத்து 2023 செப்டம்பர்ல போய்ச் சேர்ந்தாரு, அவருக்குப் பதிலா வேல ராமமூர்த்தி வந்தாரு. சாவுக்கு யாரு என்ன பண்ண முடியும்? பழகிக்கிட்டோம். 2024 ஜூன்ல முடிச்சாங்க. டிசம்பர்லயே 'தொடர்கிறது'ன்னு வந்துட்டாங்க.

எழுத்தர்: அப்பீல் போயிருக்காங்க.

அக்கா: போகட்டும். நேத்து முடிஞ்ச இந்தச் சீரியல் வீட்டுல பாயசத்துல விசத்தைக் கலக்க திங்கக்கிழமை ஆரம்பிச்சா சனிக்கிழமைதான் டம்ளர் கூடத்துக்கு வரும். வழியில மூணு பேரு மூஞ்சிய மும்மூணு தடவ காட்டுவான். நான் ஏதாவது சொன்னேனா? உக்காந்து பாத்தேன்ல? நாலு வருசக் கணக்கை மட்டும் விளம்பரம் போக இருபது நிமிசத்துல தீக்கறான். கெட்டவன் செயிலுக்குப் போகணும்னுகூட நான் கேக்கல. பானை என்னாச்சு?

எழுத்தர்: கடைசியில என்னதான் காட்டினான்?

அக்கா: குரூப் போட்டோ. விசம் வெச்சவளும் குடிச்சவளும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே கலர் பட்டுப்புடவை.

எழுத்தர்: விசம் குடிச்சவ எப்படி...

அக்கா: அத நீங்களும் கேக்காதீங்க. திங்கக்கிழமை அதே நேரத்துக்குப் புதுசு வருது. வேற குடும்பம், வேற கதை, ஆனா அதே பங்களா. அதே மாடிப்படி, அதே சோபா.

எழுத்தர்: சமையக்கட்டு?

அக்கா: அதுவும் அதேதான்.

எழுத்தர்: அப்போ புது மருமகளை அந்தப் பானைய ஒருக்கா தொறந்து பாக்கச் சொல்லு.