சின்ன அலைக்குப் பெரிய போர்டு

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அண்ணா, சர்ஃபிங் கிளாஸ் முடிச்சுட்டேன், சொந்தமா போர்டு வாங்கணும், இது ஓகேவா?" மூவரும் அனுப்பிய படமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூக்கு கூர்மையாக, உடம்பு மெல்லிசாக, ஆறடிக்கும் குறைவான வெள்ளை போர்டு. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். அதை வாங்காதீர்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் நமக்குக் கிடைக்கிற அலைக்கு அது ஆகாது.

இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், அதே போர்டை வாங்கி இரண்டு வருஷம் தவித்திருக்கிறேன். 5 அடி 10 அங்குல நீளம், பதினெட்டரை அங்குல அகலம், கன அளவு 26 லிட்டர். இந்த லிட்டர் கூடக்கூட போர்டு நன்றாக மிதக்கும். யாரோ ஓட்டிய பழைய போர்டு. விற்றவர் என் எடையைக் கேட்கவில்லை. எந்தக் கரையில் ஓட்டப்போகிறேன் என்றும் கேட்கவில்லை. "பெரிய பிளேயர்ஸ் எல்லாம் இதுதான் சார்" என்றார், அவ்வளவுதான். நான் 74 கிலோ. அதன்மேல் படுத்தால் போர்டு தண்ணீருக்குள் அமுங்கி என் நெஞ்சு நனையும். பின்னால் அலை தூக்கும்போது தோள் வலிக்க வலிக்கக் கையால் தண்ணீரைத் தள்ளுவேன். அலை எனக்கு அடியில் புகுந்து, என்னை விட்டுவிட்டுக் கரைக்குப் போய்விடும். ஒரு காலையில் இருபது அலை வந்தால் இரண்டில் எழுந்து நிற்பேன். வயசாகிவிட்டது, கையில் பலம் போதவில்லை என்று நானே முடிவு கட்டி, தினமும் தண்டால் எடுக்க ஆரம்பித்தேன். போர்டின்மேல் ஒரு நாள்கூடச் சந்தேகம் வரவில்லை.

ஒரு பிப்ரவரி மாதக் காலை, ஆறேகால் மணி இருக்கும். அலை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். குப்பத்துத் தம்பி ஒருவன், பதினான்கு வயது இருக்கும், பக்கத்தில் ஒன்பதடி போர்டில் உட்கார்ந்து ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, உங்க போர்டு மூக்கு தண்ணிக்குள்ள இருக்கு பாருங்க. இதுல ஒரு வாட்டி படுங்க" என்று தன்னுடையதைத் தள்ளிவிட்டான். படுத்தேன். முதலில் தெரிந்தது, நெஞ்சு நனையவில்லை என்பது. அலை வந்தது. நாலு தடவை கை போட்டேன், நாலே தடவை. போர்டு தானாக முன்னே கிளம்பியது. அலை இன்னும் உடையவே இல்லை, அதற்குள் நான் அதன்மேல் போய்க்கொண்டிருந்தேன். எழுந்து நிற்க நேரம் மிச்சம் இருந்தது. போர்டுக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி இருக்கும் ஃபின் மணலில் உரசும்வரை நின்றுகொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகுதான் இது எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். அலையின் சக்தி உயரத்தோடு நேராக ஏறுவதில்லை, உயரத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. நாலடி அலையில் இருப்பதில் கால் பங்குதான் இரண்டடி அலையில் இருக்கும். இதோடு இரண்டு அலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் சேர்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்த அலைத்தொடர் பன்னிரண்டு, பதினான்கு விநாடிக்கு ஒன்றாக வரும், தள்ளு பலமாக இருக்கும். பக்கத்துக் காற்றில் பிறந்தது ஆறேழு விநாடிக்கு ஒன்றாக வந்து சப்பென்று அடங்கிவிடும். தள்ளுகிற சக்தி குறைவு என்றால், கொஞ்சம் தள்ளினாலே தண்ணீருக்கு மேல் ஏறி வழுக்குகிற போர்டு வேண்டும். மெல்லிசான போர்டு அப்படி ஏறாது. அதற்குச் செங்குத்தான, வேகமான அலை வேண்டும்.

நம் கரையில் அலை ஏன் பெரும்பாலும் சின்னது? வரைபடத்தை எடுத்துச் சென்னையிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இலங்கையில் போய் முட்டும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பி வடக்கே வருகிற அலைத்தொடரில் ஒரு பங்கை அந்தத் தீவு வாங்கிக்கொள்கிறது. அங்கே கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்பைக்கு அந்த மறைப்பு கிடையாது. அதனால்தான் மே முதல் செப்டம்பர் வரை உலகமே அங்கே போர்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. நமக்கும் அந்த மாதங்களில் நல்ல நாட்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை நாட்களில் அலை பெரிதாக, கலங்கலாக, தாறுமாறாக வரும். ஆனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பல நாட்கள் முழங்கால், தொடை, எப்போதாவது இடுப்பு. வெயில் ஏறினால் கடல்காற்று வேறு கிளம்பி, இருக்கிற அலையையும் நொறுக்கிவிடும். வேலைக்குப் போகிற நமக்குச் சனி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம்தான். அன்றைக்கு என்ன அலை இருக்கிறதோ அதுதான் நம் அலை. போர்டை அதற்குத்தான் வாங்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்ததிலிருந்து இந்த மெல்லிசு போர்டு ஆசை கூடிவிட்டதைப் பார்க்கிறேன். அந்த வீரர்கள் ஓட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அவர்கள் சின்ன வயதிலிருந்து தினமும் கடலில் கிடப்பவர்கள். அந்த மட்டத்தில் ஓட்டுபவர்கள் தங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலான லிட்டரிலேயே சமாளித்துவிடுவார்கள். 70 கிலோ ஆளுக்கு 25, 26 லிட்டர். வாரத்துக்கு ஒருநாள் வருகிற, நேற்றுத்தான் எழுந்து நிற்கக் கற்ற 70 கிலோ ஆளுக்கு 55, 60 லிட்டராவது வேண்டும். கடையில் முதலில் கேட்க வேண்டிய எண் இதுதான். பெரும்பாலான போர்டுகளின் அடியில், நடுவே நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் என்கிற மரப்பட்டைக்குப் பக்கத்தில் நீளம், அகலம், தடிமனோடு லிட்டரையும் எழுதியிருப்பார்கள்.

லிட்டரோடு நிறுத்திவிடாதீர்கள். போர்டைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மூக்கிலிருந்து வால்வரை அடிப்பக்கம் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தால், அதை ராக்கர் என்பார்கள், அது செங்குத்தான அலைக்குச் செய்தது. மெதுவான அலையில் அந்த வளைவு தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டே போய் வேகத்தைத் தின்றுவிடும். நமக்குத் தட்டையாக வேண்டும். அகலம் 21, 22 அங்குலம் இருக்கட்டும், வால் பக்கமும் ஒடுங்காமல் இருக்கட்டும். முதல் போர்டு என்றால் எட்டடி தாராளமாகப் போகலாம், ஒன்பது இன்னும் நல்லது. மேலே நுரை ஒட்டிய சாஃப்ட் டாப் போர்டை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். தலையில் பட்டாலும் காயம் குறைவு, கூட்டம் உள்ள ஞாயிற்றுக்கிழமையில் அடுத்தவன் தலைக்கும் அது நல்லது.

"பெரிய போர்டில் திரும்ப முடியாதே" என்று கேட்பார்கள். திரும்புவதற்கு முதலில் அலையில் இருக்க வேண்டும். பத்து அலை பிடிப்பவன் பத்து தடவை பழகுகிறான். ஒரு வருஷம் கழித்து, அலையின் முகத்தில் பக்கவாட்டாகப் போக வந்துவிட்டது, இன்னும் சின்னதாக வேண்டும் என்றால் அப்போது ஃபிஷ் வாங்குங்கள். குட்டையாக, தடியாக, தட்டையாக, மீன் வால் மாதிரி பிளந்த வாலோடு, இரண்டு ஃபின் வைத்து வரும். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் என்பவர் 1967இல் முழங்காலில் நின்று ஓட்டுவதற்காக முதலில் செய்த வடிவம் அது. அவருக்கும் முன்பு அதே மாநிலத்தில் பாப் சிம்மன்ஸ், கால்டெக் என்கிற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், தண்ணீரின் மேல் வழுக்கி ஓடும் படகுகளைப் பற்றிய ஆய்வை எடுத்து அகலமான, வேகமான போர்டுகள் செய்தார். 1954இல் கடலிலேயே இறந்துபோனார். இன்றைக்குச் சின்ன அலைக்கென்று விற்கும் 'மினி சிம்மன்ஸ்' போர்டுக்கு அவர் பெயர்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ் கதை. நல்ல உயரமான, பெரிய உடம்புக்காரர். சின்ன அலையில் தன் போர்டு சரியாக ஓடவில்லை என்றதும், தன் கையாலேயே இரட்டை ஃபின் போர்டைச் செதுக்கிக்கொண்டார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியன். அப்படிப்பட்டவரே தன் உடம்பைக் குறை சொல்லாமல் போர்டை மாற்றினார். இரண்டு வருஷம் தண்டால் எடுத்த எனக்கு இதைப் படித்தபோது மனசு ஆறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கரையில் இந்த அறிவு புதிதே கிடையாது. கட்டுமரத்தை நினைத்துப் பாருங்கள். கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, அகலமாக, தட்டையாக, தண்ணீரின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கரை அலையைத் தாண்டிப் போகவும், திரும்பும்போது அதே அலையின் முதுகில் ஏறிவந்து மணலில் இறங்கவும் பண்ணிய வடிவம். இப்போது ஃபைபர் படகுதான் எங்கேயும். ஆனாலும் குப்பத்துப் பெரியவர்கள் என் ஒன்பதடி போர்டைத் தட்டிப் பார்த்து "இது நல்லா மெதக்கும்" என்று தலையாட்டினார்கள். அந்த 26 லிட்டரை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

அப்புறம், ரெண்டு சின்ன விஷயம். எபாக்ஸி என்கிற பிசினில் செய்த போர்டு எடை குறைவு, நன்றாக மிதக்கும், சின்ன அலைக்கு ஏற்றது. ஆனால் எந்த போர்டையும் வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சூட்டில் மேல்தோல் உப்பிப் பிரிந்துவிடும், ரிப்பேருக்கு நல்ல பணம் ஆகும். கால் வழுக்காமல் இருக்க போர்டின்மேல் தேய்க்கும் மெழுகு வாங்கும்போது வெப்பமண்டலக் கடலுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள், மற்றது நம் வெயிலில் குழம்பாக ஓடும்.

வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்து, அதே ஆள், அதே காலை, எட்டடியும் ஆறடியும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். கோவளம் பக்கம் வருகிறவர்களுக்கு வாடகையும் வேண்டாம். என்னிடம் எட்டடி போர்டு ஒன்று இருக்கிறது, 22 அங்குல அகலம், 58 லிட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கரையில் இருப்பேன். எடுத்து ஓட்டிப் பாருங்கள், போர்டையும் காலையும் இணைக்கும் லீஷ் கயிற்றை மட்டும் நன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள்.