டிராஃப்ட் நடந்த ராத்திரியே தீர்ப்பா?

அமெரிக்க பேஸ்பாலில் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அது முடிந்த அன்றைக்கே நம் ரசிகர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். "டீம் கோட்டை விட்டுடுச்சு, இவன் தேறமாட்டான்!" எடுத்தது பதினெட்டு வயசுப் பையனை. பெரிய லீக்குக்குத் தயார்செய்யும் மைனர் லீக்கில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. அதற்குள் என்ன தீர்ப்பு? பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

ஆல்பர்ட் புஹோல்ஸை 1999-இல் செயின்ட் லூயிஸ் அணி எடுத்தது 13-ஆவது சுற்றில், 402-ஆவது ஆளாக. அவர் 703 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார்! பின்னாளில் பெரிய நட்சத்திரமான மைக் டிரவுட்டே 2009-இல் 25-ஆவதாகத்தான் போனார்.

ஹூஸ்டன் அணி ரசிகர்கள் புலம்பினால் நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 2013-இல் முதல் ஆளாக மார்க் அப்பெலை எடுத்தார்கள்; அவர் சோபிக்கவில்லை. அடுத்த இடத்தில் கிரிஸ் பிரையன்ட் சிகாகோ கப்ஸுக்குப் போய் 2016-இல் கோப்பையே வாங்கிக் கொடுத்தார். ஆனால் 2014-இல் முதல் ஆளாக எடுத்த பிராடி ஐக்கனோடு ஒப்பந்தம் கைகூடாதபோதும் இதே கூச்சல்தான். அதற்கு ஈடாக அடுத்த டிராஃப்டில் கிடைத்த இடத்தில்தானே 2015-இல், பின்னாளில் நட்சத்திரமான அலெக்ஸ் பிரெக்மேன் வந்தார்?

இதைவிடக் கடுப்பு, பையன் ஜெயித்த பிறகு அதே வாய் "நான் அப்பவே சொன்னேன்" என்பது. சொல்லவே இல்லை ஐயா நீங்கள்! ஒரு நாலு வருஷம் அவனை நிம்மதியாக ஆட விடுங்கள்.