ரூம்மேட் மாறினால் புரோக்கருக்கு எதற்கு மறுபடியும் கமிஷன்?

நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒருவருக்கு வேலை மாறிக் கிளம்புகிறார். தன் இடத்துக்கு ஒரு ஆளையும் அவரே பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். வாடகை ஒரு மாதம்கூடத் தடைபடவில்லை, வீட்டுக்காரருக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. ஆனாலும் புரோக்கர் வந்து, "புது ஆள் வந்திருக்காருல்ல, அரை மாச வாடகை எடுத்து வைங்க" என்று நிற்கிறார். இது அநியாயம். இதை வழக்கம் என்று சொல்லி நாம் விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

டெல்டாவில் பேச்சிலர் வீடு எங்கே என்று கேட்ட காலம் போய்விட்டது. தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோடு, வல்லம், திருமலைசமுத்திரம் பக்கமெல்லாம் மாடி போர்ஷன்களில் பையன்களும் பெண்களும் சேர்ந்து சேர்ந்துதான் குடியிருக்கிறார்கள். நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் வந்த பிறகு திருவாரூரிலும் அப்படித்தான். பேங்க் வேலைக்கு மன்னார்குடிக்கு வந்தவர், மெடிக்கல் ரெப், நர்ஸ், சைட் இன்ஜினியர் என்று யாரும் ஒரே இடத்தில் நிலையாக இருப்பவர்கள் இல்லை. அதனால் ஒரு வீட்டில் ஆள் மாறிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் கமிஷன் என்றால் அந்த ஒரு வீடே புரோக்கருக்கு மாமூல் வருமானம்.

என் சித்தப்பா மகன் தஞ்சாவூரில் இப்படி ஒரு மாடி வீட்டில் இருக்கிறான். வாடகை 12,000, ஆளுக்கு 3,000. வீடு பிடித்தபோது புரோக்கருக்கு ஒரு மாத வாடகையை முழுசாகக் கொடுத்தார்கள். அது சரி. அவர் வண்டியில் கூட்டிப்போய் வீடு காட்டினார், வீட்டுக்காரரிடம் பேசினார், அந்த உழைப்புக்குக் கூலி உண்டு. அப்புறம் ஒரு பையன் சென்னைக்கு மாற்றலாகிப் போனான். அவனுடன் வேலை பார்த்தவனே அந்த இடத்துக்கு வந்தான். வீட்டுக்காரர் கேட்டதெல்லாம் புதுப் பையனின் ஆதாரும் கம்பெனி ஐடி கார்டும்தான், அதையும் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் புரோக்கர் போன் செய்து 6,000 கேட்டார். மாதம் 3,000 பங்கு கொடுக்க வந்தவன் உள்ளே நுழைவதற்கே இரண்டு மாதப் பங்கைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். "என்ன வேலை பார்த்தீங்கண்ணே?" என்று இவன் கேட்டதற்கு, "ஓனர் நம்ம ஆளுப்பா, நான் ஒரு வார்த்தை சொன்னா காலி பண்ணணும்" என்று பதில் வந்திருக்கிறது. நாற்று நட்டவர் ஒருவர், கூலி வாங்குபவர் வேறொருவர்.

இதே சமயம் இங்கிலாந்தில் படிக்கும் என் அக்கா மகள் வீட்டிலும் இதே கதை நடந்தது. கும்பகோணத்துப் பெண், பர்மிங்காமில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து ஒரு வீடு. நடுவில் ஒரு பெண் ஊருக்குத் திரும்ப, இவர்களே இன்னொரு பெண்ணைத் தேடிச் சேர்த்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சி, பெயர் மாற்ற 240 பவுண்டு என்று மெயில் அனுப்பியது. இதுவரை நம் ஊர்க் கதைதான். ஆனால் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. வாடகைதாரர் கட்டணச் சட்டம், 2019. அந்த வருடம் ஜூன் 1 முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. குடியிருப்பவர் கேட்டு ஒப்பந்தத்தில் மாற்றம் செய்தால், அதில் ஆள் மாறுவதும் சேர்த்தி, வரியோடு 50 பவுண்டுதான் வாங்கலாம். அதற்கு மேல் உண்மையிலேயே செலவாகியிருந்தால் அந்த நியாயமான செலவை மட்டும் கேட்கலாம், அதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். சட்டத்தை மீறி வாங்கினால் முதல் தடவையே 5,000 பவுண்டு வரை அபராதம் போட உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. பிள்ளைகள் இந்தச் சட்டத்தைச் சொல்லி, 240 பவுண்டுக்குக் கணக்கு அனுப்புங்கள் என்று பணிவாக ஒரு மெயில் போட்டார்கள். கணக்கு வரவில்லை. 50 பவுண்டுக்கு புது பில் வந்தது.

இதைச் சொன்னால் "வெள்ளைக்காரன் ஊரு வேற" என்பார்கள். அங்கேயும் இந்தச் சட்டம் வரும்வரை ஏஜென்சிகள் வாய்க்கு வந்ததைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு தொகை எழுத்தில் வந்ததும் நின்றது.

நம்மிடமும் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வீட்டையோ அதில் ஒரு பங்கையோ வேறு ஆளுக்கு மாற்றிவிட வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கவனியுங்கள், சம்மதம் வீட்டுக்காரருடையது. புரோக்கருடையது இல்லை. ஆனால் வாடகைத் தரகு இவ்வளவுதான் என்று அந்தச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. அந்த ஓட்டையில்தான் இந்த அரை மாத வாடகை உட்கார்ந்திருக்கிறது.

கமிஷனைவிடப் பெரிய சிக்கல் அட்வான்ஸில் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. நம் பக்கம் பெரும்பாலும் அக்ரிமென்ட் ஒரே ஒருவர் பெயரில் இருக்கும். மற்ற மூன்று பேரும் காகிதத்தில் கிடையாது. போகிறவன் தன் பங்கு அட்வான்ஸை வருகிறவனிடம் ஜிபேயில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். வீட்டுக்காரருக்கு அது தெரியவே தெரியாது, ரசீதும் இல்லை. இப்படியே கை மாறி மாறி, கடைசியில் வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்க, குழாய் மாற்ற, உடைந்த வாஷ்பேசினுக்கு என்று பிடித்ததெல்லாம் கடைசியாக இருந்தவர்கள் தலையில் விழுகிறது. வாஷ்பேசினை உடைத்தவன் எப்போதோ பெங்களூர் போயிருப்பான். அக்ரிமென்டில் பெயர் உள்ளவனே முதலில் கிளம்பிவிட்டால் இன்னும் மோசம், மிச்சமுள்ளவர்கள் அந்த வீட்டுக்கு யார் என்றே காட்ட முடியாது.

அதனால் ஆள் மாறும்போது காகித வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பாக வேண்டும். போகிற நாளில் வீட்டைச் சுற்றி வந்து என்ன உடைந்திருக்கிறது என்று போட்டோ எடுத்து, அவன் பங்கு பிடித்தத்தை அன்றைக்கே பேசி முடிக்க வேண்டும். ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவது, அதனால் மீட்டரையும் அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அட்வான்ஸ் கை மாறியதை எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். புது அக்ரிமென்ட் போட்டால் பத்திரம், டைப்பிங் செலவை வருகிறவரும் போகிறவரும் பகிர்ந்துகொள்ளலாம். இதற்கெல்லாம் சில நூறு ரூபாய் ஆகும். 6,000 ஆகாது.

இதில் என் மனதை அதிகம் உறுத்துவது வேறு. எல்லோராலும் புரோக்கரைக் கேள்வி கேட்க முடியாது. என்ன ஆளு, கறி சாப்பிடுவீங்களா என்று கேட்டுக் கேட்டே கதவடைக்கும் தெருக்கள் நம் ஊரில் இன்னமும் இருக்கின்றன. முஸ்லிம் பையனுக்கும், தலித் பையனுக்கும், தனியாக வேலைக்கு வந்த பெண்ணுக்கும் வீடு கிடைப்பதே பாடு. கிடைத்த வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள். காரணமில்லாத கட்டணம் முதலில் இவர்களிடம்தான் வசூலாகிறது.

புரோக்கர்கள் பிழைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பிழைக்கட்டும். காலியான இடத்துக்கு அவரே ஆள் கொண்டுவந்தால், அந்த ஒரு ஆளின் பங்கு வாடகைக்கு ஏற்றபடி கமிஷன் வாங்கட்டும். முழு வீட்டு வாடகையில் பாதியை அல்ல. ஆளை நாங்களே கொண்டுவந்தால் அவருக்கு அதில் வேலை இல்லை.

டெல்டாவில் வீடு வாடகைக்கு விடும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரியாமலே உங்கள் பெயரைச் சொல்லித்தான் இந்தப் பணம் வாங்கப்படுகிறது. அடுத்த அக்ரிமென்ட் போடும்போது ஒரே ஒரு வரி சேருங்கள்: "குடியிருப்போரில் ஒருவர் மாறினால், உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்துடன் புதியவர் சேரலாம், பத்திரச் செலவு தவிர வேறு எந்தக் கட்டணமும் இல்லை." டைப்பிங் கடையில் இதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள்.