டிரம்ப் படம் 2000-இல் வரையப்பட்டதா?

'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங், டொனால்ட் டிரம்ப் நகரும் படிக்கட்டில் இறங்கி வரும் காட்சியை 2000-ஆம் ஆண்டிலேயே வரைந்துவிட்ட தீர்க்கதரிசி என்று வேலூர், காட்பாடி வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. இது தவறான தகவல்.

டிரம்ப் அவ்வாறு இறங்கி வந்து வேட்பாளராக அறிவித்துக்கொண்டது 2015 ஜூன் 16 அன்று. அந்தப் படமோ அடுத்த மாதம் வெளியான 'சிம்ப்சன்ஸ்' குறும்படத்தில் உள்ளது. அதில் கூலி பெற்ற ஆதரவாளராக நிற்கும் ஹோமர் (சிம்ப்சன் குடும்பத்தின் அப்பா), டிரம்பின் தலைமுடிக்குள் இழுக்கப்படுகிறார். ஏற்கெனவே நடந்ததைப் பகடி செய்த காட்சி அது.

2000 மார்ச்சில் ஒளிபரப்பான அத்தியாயம் ஒன்றில் 'அதிபர் டிரம்ப்' பற்றிய வசனம் வந்தது உண்மையே. ஆனால் அதை எழுதியவர் டேன் கிரேனி. தேர்தலில் நிற்பது குறித்து ஆராயக் குழு அமைப்பதாக டிரம்ப் 1999 அக்டோபரிலேயே அறிவித்திருந்தார்.

க்ரோனிங்கைச் சோதிடராக்குவது அவருடைய உண்மையான உழைப்பை மறைத்துவிடுகிறது என்பதே என் வருத்தம். 1977-இல் சித்திரத் துணுக்குகளுடன் தொடங்கிய அவர், 1987-இல் வேறொரு நிகழ்ச்சியின் இடையே வந்த குறும்படங்களாகச் சிம்ப்சன் குடும்பத்தை அறிமுகப்படுத்தினார். 1989 டிசம்பரில்தான் அது தனித்தொடராயிற்று.