கொடுக்கிற துறை இருக்கு, நமக்காகக் கேட்கிற அலுவலகம் எங்கே?

மாற்றுத்திறனாளிகளுக்காக வாதாட அரசே தனியாக ஓர் அலுவலகம் வைக்க வேண்டும் என்று நான் சொன்னால், "அதான் தனித்துறையே இருக்கே சார்" என்கிறார்கள். இருக்கிறது. 2010-ல் கலைஞர் சமூக நலத்துறையிலிருந்து பிரித்துத் தனித்துறை ஆக்கித் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். காமராஜர் சாலையில் ஆணையரகம், மாவட்டத்துக்கு ஒரு நல அலுவலர், எல்லாம் உண்டு. நான் ஓட்டுகிற சைடு வீல் ஸ்கூட்டரே துறை கொடுத்ததுதான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

ஆனால் அது கொடுக்கிற துறை. உதவித்தொகை, ஸ்கூட்டர், காதொலிக் கருவி, சிறப்புப் பள்ளிக்கு மானியம். எங்கள் அன்றாடத் தொல்லைகள் பெரும்பாலும் அந்தத் துறையிலிருந்து வருவதில்லை. ஏற முடியாத பஸ்ஸை வாங்குவது போக்குவரத்துத் துறை. டூவீலர் ஏறக்கூடாதென்று நடைபாதையில் இரும்புக் கம்பம் நட்டு, வீல்சேரையும் சேர்த்து மறிப்பது மாநகராட்சி. காது கேளாதவர் புகாரோடு வந்தால், சைகை மொழி தெரிந்த ஆள் இல்லாமல் விழிப்பது காவல் நிலையம். இவர்களிடம் போய், அரசுக்குள்ளிருந்தே, "இது சட்டப்படி தப்பு, நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டியது யார்?

சென்னை பஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரமுள்ள பஸ்களை வாங்க டெண்டர் போனது. கிட்டத்தட்ட மூன்றடி. கேலிப்பர் (காலைத் தாங்குகிற கம்பிச் சட்டம்) போட்ட காலைத் தூக்கி முதல் படியில் வைப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். வீல்சேரில் வருகிறவருக்கு அந்தப் பேச்சே கிடையாது. இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனது எந்த ஆணையரும் இல்லை, உரிமைக்காகப் போராடுகிற ஆட்கள், சொந்த முயற்சியில். எதிர்ப்பக்கம் நின்றது அரசு. ரோடு சரியில்லை, மழைத்தண்ணி நிற்கும், தாழ்தளம் சரிப்பட்டு வராது என்று வாதம். அப்படி இழுத்துப் பிடித்த பிறகுதான் 2024 ஆகஸ்டில் தாழ்தள பஸ்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் வந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், 2021-லேயே சாதாரணக் கட்டண பஸ்ஸில் எங்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை என்று அதே அரசு அறிவித்துவிட்டது. ஏற முடியாத பஸ்ஸில் இலவசப் பயணம்!

டெண்டர் தாளிலேயே தடுத்து நிறுத்தியிருக்க வேண்டிய விஷயம் அது. அந்தத் தாளைப் படித்துப் பார்த்து "முடியாது" என்று எழுத, அரசில் யாருக்கும் அது வேலையாக இருக்கவில்லை.

சில மாதம் முன்பு சான்றிதழ் வேலையாக ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். வாசலில் மூன்று படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம் இருக்கும். பக்கத்திலேயே புத்தம்புதுச் சாய்தளம், ஸ்டீல் கைப்பிடியோடு. பார்த்ததும் மனசு குளிர்ந்தது. கிட்டே போனால்தான் தெரிகிறது. ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும் என்பது விதி. அப்படியானால் பதினெட்டு அடி. இங்கே இருந்தது ஐந்தடி. தரைக்குப் பளபளவென்று பாலிஷ் போட்ட கிரானைட், ஊன்றுகோலின் ரப்பர் அதில் நிற்காது. ஏறி முடித்தால் நிற்க இடமில்லை, நேராகக் கதவு, அதுவும் வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. யாராவது உள்ளேயிருந்து தள்ளினால் நாம் வந்த வழியே கீழே போக வேண்டியதுதான். நான் படியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். உள்ளே இருந்த எழுத்தர் பதறிப்போய், "ஐயோ சார், நீங்க ஏன் வந்தீங்க, வீட்ல யாரையாவது அனுப்பியிருக்கலாமே" என்றார். நல்ல மனுஷர். நாற்காலி இழுத்துப் போட்டு, தண்ணீரும் கொடுத்தார்.

அந்தச் சாய்தளத்துக்கு பில் பாஸ் ஆகியிருக்கும். 'சாய்தள வசதி: உள்ளது' என்று எங்கோ ஓர் அறிக்கையில் டிக் விழுந்திருக்கும். அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "இது சாய்தளம் இல்லை, இடித்துவிட்டு மறுபடி கட்டு" என்று சொல்கிற அதிகாரி ஒருவர் வேண்டும். நான் கேட்கிற அலுவலகம் அதுதான். அணுகல் வசதித் தரங்கள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கட்டாயம் என்று வந்தபின் அதைக் கேட்க ஆள் வேண்டாமா?

சட்டம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் மாநில ஆணையர் என்று ஒருவர் இருக்கிறாரே? இருக்கிறார். புகார் வராமலே தானாக முன்வந்து விசாரிக்கலாம். உரிமையியல் நீதிமன்றம்போல சம்மன் அனுப்பலாம், கோப்புகளை வரவழைக்கலாம். அவர் பரிந்துரை செய்தால், மூன்று மாதத்துக்குள் அந்தத் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். காகிதத்தில் பார்த்தால் நான் கேட்பதில் முக்கால்வாசி அங்கேயே கிடக்கிறது.

கோளாறு எங்கே என்றால், நலத்துறையை நடத்துகிற அதிகாரியிடமே இந்த ஆணையர் தொப்பியையும் மாட்டிவிடுகிற வழக்கத்தில். பல மாநிலங்களில் பார்த்தது இது, தமிழ்நாட்டுக்கும் புதிதில்லை. இன்னும் சில மாநிலங்கள் நாற்காலியையே காலியாக வைத்திருந்ததால், உச்ச நீதிமன்றம் 2024-ல் கெடு விதிக்க வேண்டி வந்தது. திட்டத்தை நடத்துகிறவரே அதைப் பற்றிய புகாரையும் விசாரித்தால் அது வேலிக்கு ஓணான் சாட்சி. அவர் எவ்வளவு நேர்மையான அதிகாரியாக இருந்தாலும் சரி, நாளைக்கே வேறு துறைக்கு மாறுதல் ஆகப்போகிறவர், இன்றைக்குப் போக்குவரத்துச் செயலாளருக்கு சம்மன் அனுப்புவாரா?

உதவித்தொகையையே பாருங்கள். இங்கே மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 2023-ல் 1,500 ரூபாய் ஆக்கினார்கள். ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து 6,000. எங்கள் சங்கங்கள் இதைச் சொல்லித்தான் மறியல் செய்கின்றன. போலீஸ் கைது செய்து கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும். வீல்சேரையும் வேனில் ஏற்ற வேண்டுமே என்று அந்தக் காவலர்கள் படுகிற அவஸ்தை தனி. இந்தக் கணக்கை ஒரு துறை இயக்குநர் வாய்விட்டுச் சொல்ல முடியாது, அரசைக் குறை சொன்னதாகிவிடும். தனியாக நிற்கிற ஆணையர் சொல்லலாம். அறிக்கையாக எழுதி சட்டமன்றத்தில் வைக்கலாம். நடத்துகிறவர் வேறு, கண்காணிக்கிறவர் வேறு என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. இந்தியா அதை ஏற்றது 2007-ல்.

"இன்னொரு அலுவலகம், இன்னொரு அரசு கார், ரிட்டையர்டு அதிகாரிக்கு இன்னொரு நாற்காலி" என்று அலுத்துக்கொள்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த பயம் எனக்கும் உண்டு. அதைவிடப் பெரிய பயம் வேறு: இப்படி ஒன்று வந்துவிட்டால் மற்ற துறைகள் எல்லாம் "அது அவங்க பார்த்துக்குவாங்க" என்று கையைக் கழுவிவிடும். மனு கொடுத்தால் நாம் யார்மேல் புகார் சொன்னோமோ அவருக்கே அதை அனுப்பி, "ஆவன செய்யப்படும்" என்று ஒரு வரி வாங்கிக் கொடுக்கிற தபால் நிலையமாக அது ஆகிவிட்டால், திறக்காமலே இருக்கலாம்.

அதனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தலைமையில் இருப்பவர் மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் எங்களுக்கு நியமன இடம் தர 2025 ஏப்ரலில் சட்டத்திருத்தம் கொண்டுவந்த மாநிலம் இது, இதை மட்டும் ஏன் யோசிக்க வேண்டும்? அவருக்கென்று சொந்த வழக்கறிஞர்கள் வேண்டும், தேவைப்பட்டால் அரசுத் துறைமீதே வழக்குப் போட. பொதுமக்கள் புழங்குகிற கட்டடமோ வண்டியோ வாங்குகிற எந்த டெண்டரும் அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகக் கூடாது. எந்தத் துறை மூன்று மாதக் கெடுவைத் தாண்டியது என்ற பட்டியல் மாதாமாதம் இணையத்தில் வர வேண்டும், துறைச் செயலாளர் பெயரோடு.

முதல் வழக்குகூட நான் தயாராக வைத்திருக்கிறேன். புது தாழ்தள பஸ்ஸில் சாய்வுப் பலகை இருக்கிறது. அது நடைபாதை விளிம்பில் போய் உட்கார்ந்தால்தான் வீல்சேர் ஏறும். பஸ் வந்து நிற்பதோ நடுரோட்டில், ஏனென்றால் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ நிற்கிறது. பஸ்ஸும் டிரைவரும் எம்.டி.சி. என்கிற மாநகரப் போக்குவரத்துக் கழகம், நடைபாதை மாநகராட்சி, ஷேர் ஆட்டோவை நகர்த்த வேண்டியது டிராஃபிக் போலீஸ். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். மூவருக்கும் ஒரே நாளில், ஒரே மேசைக்கு சம்மன் அனுப்பட்டும். புகார்தாரராக என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.